இலங்கையின்ர பேர்ட்விங் வண்ணாத்திப்பூச்சியை அடையாளம் பிடிக்கிறது எப்பிடி? முழுமையான வழிகாட்டி

முதல்முதலா நான் இதைக் கண்டது கண்டிப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டில. காலமை முத்தத்தில நிண்டு பல்லு விளக்கேக்க பலாமரத்துக்கு மேலால கறுப்பா ஏதோ ஒண்டு ஆறுதலா மிதந்து போச்சுது, விடிஞ்ச பிறகும் ஒரு வௌவால் சுத்திக்கொண்டு திரியுது போல எண்டு நினைச்சன், அது ஒருக்கா சரிஞ்சு திரும்பேக்க வெயில் பட்டு பின்பக்கம் தங்க மஞ்சளா மின்னினது பாருங்கோ, வாயில பிரஷ்ஷோடயே உள்ள ஓடிப்போய் ஃபோனை எடுத்துக்கொண்டு வந்து முப்பது படம் எடுத்தன். முப்பதிலயும் வானமும் பலா இலையும்தான், ஒண்டில மட்டும் மூலையில ஒரு கறுப்புப் புள்ளி.

அந்தப் பைத்தியம் இன்னும் போகேல்லை. இப்ப தெரிஞ்ச ஆக்கள் கறுப்பா பெரிசா எதைக் கண்டாலும் படம் எடுத்து எனக்கு அனுப்பி "இது அதுதானே?" எண்டு கேப்பினம், பாதிக்கு மேல அது வேற ஏதாவதாத்தான் இருக்கும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா விளங்கப்படுத்தி அலுத்துப்போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்தில எழுதுறன்.

ஆளை முதல்ல அறிமுகப்படுத்தி வைக்கிறன். விஞ்ஞானப் பேர் ட்ரொயிடெஸ் டார்சியஸ், இங்கிலீஷில ஸ்ரீலங்கன் பேர்ட்விங் எண்டுவினம், பறவை மாதிரிச் செட்டை உள்ளது எண்டு அர்த்தம். 1850களில ஜோர்ஜ் ரொபர்ட் கிரே எண்ட பிரித்தானிய விலங்கியலாளர்தான் இதை விவரிச்சுப் பேர் வச்சவர். இலங்கையின்ர தேசிய வண்ணாத்திப்பூச்சி இதுதான். இந்தத் தீவில இருக்கிற 240க்கு மேற்பட்ட வண்ணாத்திப்பூச்சி இனங்களில ஆகப் பெரிசும் இதுதான், செட்டை ரெண்டையும் விரிச்சு அளந்தால் 15 சென்ரிமீற்றருக்கு மேல வரும், உங்கட கைவிரல்களை நல்லா விரிச்சுப் பிடிச்சால் கிட்டத்தட்ட அந்த அகலம். முக்கியமான விசயம், உலகத்தில வேற எந்த இடத்திலயும் இது இல்லை, இலங்கைக்கு மட்டுமே உரியது.

படி 1: படம் எங்க எடுத்தது எண்டு கேளுங்கோ

சிரிக்காதேங்கோ, உண்மையில இதுதான் முதல் படி. பூச்சியைப் பாக்கிறதுக்கு முதலே இடத்தைக் கேக்க வேணும். ஏனெண்டால் பேர்ட்விங் எண்டது ஒரு பெரிய கூட்டம், இந்தியாவில இருந்து நியூகினி வரைக்கும் பரவிக் கிடக்குது, கனக்க இனத்துக்கு இதே கறுப்பு முன்செட்டையும் மஞ்சள் பின்செட்டையும்தான். தென்னிந்தியாவில மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் இருக்கிறது ட்ரொயிடெஸ் மினோஸ், சதர்ன் பேர்ட்விங் எண்டுவினம், கர்நாடகாவின்ர மாநில வண்ணாத்திப்பூச்சி. அந்தமான் தீவுகளில இருக்கிறது ட்ரொயிடெஸ் ஹெலேனா. இமயமலைப் பக்கம் ட்ரொயிடெஸ் ஏயக்கஸ், கோல்டன் பேர்ட்விங் எண்டு சொல்லுறது, அதில உத்தராகண்டில அளந்த ஒரு பெண் பூச்சி 194 மில்லிமீற்றர் இருந்து 2020ல பேப்பரிலயெல்லாம் வந்தது, அதுவரைக்கும் இந்தியாவின்ர ஆகப் பெரிய வண்ணாத்திப்பூச்சி எண்ட பேரை சதர்ன் பேர்ட்விங்தான் வச்சிருந்தது.

இலங்கைக்குள்ள இந்தக் கூட்டத்தில இருக்கிறது ஒரே ஒரு இனம்தான். அதால படம் இலங்கையில எடுத்தது எண்டு உறுதியாத் தெரிஞ்சால், அது பேர்ட்விங்தானா இல்லையா எண்டு மட்டும் பாத்தால் காணும், எந்தப் பேர்ட்விங் எண்டு மண்டையை உடைக்கத் தேவையில்லை. ஆனா இன்ரநெற்றில இருந்து எடுத்த படம், ஆரோ போவேட் பண்ணின படம் எண்டால் கவனம். இலங்கையின்ர தேசிய வண்ணாத்திப்பூச்சி எண்டு போட்டு சதர்ன் பேர்ட்விங்கின்ர படத்தைப் போட்டிருக்கிறதை நானே எத்தினையோ தரம் கண்டிருக்கிறன். அதுகளைப் பிரிச்சுப் பிடிக்கிறது எப்பிடி எண்டு மூண்டாவது படியில வருகுது.

படி 2: வால் இருக்கா எண்டு பாருங்கோ

இது கெதியா முடியிற வேலை. பேர்ட்விங்கின்ர பின்செட்டைக்கு வால் கிடையாது, விளிம்பு மெல்லிசா நெளிநெளியா இருக்கும், அவ்வளவுதான். படத்தில வால் மாதிரி ஒண்டு நீட்டிக்கொண்டு நிண்டால் அது வேற ஆள். இந்த ஒரு விசயத்திலயே எனக்கு வாற படங்களில அரைவாசி கழிஞ்சு போயிடும்.

ஒரு எச்சரிக்கை மட்டும்: வயசு போன பூச்சியின்ர செட்டை கிழிஞ்சிருக்கும், வாலுள்ள இனத்தின்ர வால் உடைஞ்சும் போயிருக்கும். அதால "வால் இருக்கு" எண்டால் கட்டாயம் பேர்ட்விங் இல்லை, ஆனா "வால் இல்லை" எண்டதை மட்டும் வச்சு ஓம் எண்டு சொல்லேலாது.

படி 3: மஞ்சளைப் பாக்காதேங்கோ, மஞ்சளுக்குள்ள இருக்கிற கறுப்பைப் பாருங்கோ

இதுதான் முழு வழிகாட்டியின்ரயும் உயிர். எல்லாரும் மஞ்சளைக் கண்டவுடன குதிக்கினம், மஞ்சள் எண்டது பேர்ட்விங் எல்லாத்துக்கும் பொது. இலங்கை ஆளைக் காட்டிக்குடுக்கிறது அந்த மஞ்சளைக் கறுப்பு எவ்வளவு தூரம் திண்டிருக்கு எண்டதுதான்.

இதைப் பாக்கிறதுக்கு செட்டையில ஒரு இடத்தைத் தெரிஞ்சு வச்சிருக்க வேணும். பின்செட்டை உடம்போட ஒட்டுற இடத்தில இருந்து நரம்புகள் வெளியால ஓடும், அந்த நரம்புகள் சுத்திவர மூடி ஒரு நீள்வட்டமான அறை மாதிரி ஒண்டை உண்டாக்கியிருக்கும், செட்டையின்ர நடுவுக்குக் கொஞ்சம் உள்பக்கமா. இதை செல் எண்டு சொல்லுறது. ஒரு நல்ல படத்தை ஃபோனில பெரிசாக்கிப் பாத்தால் வடிவாத் தெரியும், ஒருக்கா கண்ணுக்குப் பிடிபட்டிட்டுது எண்டால் பிறகு எந்த வண்ணாத்திப்பூச்சியைப் பாத்தாலும் முதல்ல அதுதான் தெரியும்.

இப்ப அந்த அறைக்குள்ள என்ன நிறம் எண்டு பாருங்கோ. சதர்ன் பேர்ட்விங் ஆணில அந்த அறை மஞ்சளால நிறைஞ்சு கிடக்கும், பின்செட்டை முழுக்க மஞ்சள் ஊத்தி ஓரத்துக்கு மட்டும் கறுப்புக் கரை போட்ட சீலை மாதிரி இருக்கும். இலங்கை ஆளில அப்பிடி இல்லை. உடம்புப் பக்கத்தில இருந்து கறுப்பு கிளம்பி அந்த அறைக்குள்ளயும் நல்லா ஏறி நிக்கும், அறையின்ர வெளி முனைப் பக்கம்தான் மஞ்சள் தொடங்கும், பிறகு ஓரத்தில திரும்பவும் கறுப்பு. அதாவது உள்ளுக்கையும் கறுப்பு, வெளியாலயும் கறுப்பு, நடுவில மஞ்சள். பட்டுத்துணி மாதிரி ஒரு மினுக்கம் உள்ள மஞ்சள், ஆனா பரப்பளவு குறைவு.

ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாத்தால் ஒரு செக்கனில விளங்கும். தனியாப் பாக்கேக்கதான் குழப்பம், ஏனெண்டால் எங்களுக்கு மஞ்சள்தான் கண்ணுக்குள்ள நிக்கும், கறுப்பை மூளை வெறும் பின்னணி எண்டு விட்டிடும். நானும் ஒரு வரியமளவும் அப்பிடித்தான் ரெண்டையும் மாத்தி மாத்திச் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான்.

படி 4: ஆணா பெண்ணா

பெண் பெரிசு. ஆனா பறந்துகொண்டிருக்கிற ஒண்டைப் பாத்து இது பெரிசா சின்னனா எண்டு சொல்லேலாது, பக்கத்தில அளவுகோல் ஒண்டும் தொங்கேல்லைத்தானே. அதால அடையாளத்தைத்தான் பாக்க வேணும்.

முன்செட்டையில தொடங்குங்கோ. ஆணுக்கு நல்ல கறுப்பு, வெல்வெற் துணி மாதிரி வெளிச்சத்தை விழுங்குற கறுப்பு, நரம்போட ஒட்டி வெளிர்க்கோடு இருந்தாலும் மங்கலாத்தான் இருக்கும். பெண்ணுக்கு கறுப்பில ஒரு கபில நிறம் கலந்திருக்கும், நரம்புகளின்ர ரெண்டு பக்கமும் வெளிறின கோடுகள் தெளிவா ஓடும், தூரத்தில இருந்து பாத்தால் முன்செட்டை சாம்பல் பூசினமாதிரித் தெரியும்.

பின்செட்டைக்கு வாங்கோ. ஆணில மஞ்சள் ஒரே தொடர்ச்சியா கிடக்கும், வெளி ஓரத்துக் கறுப்பு மட்டும் கூம்பு கூம்பா மஞ்சளுக்குள்ள குத்திக்கொண்டு நிக்கும். பெண்ணில அந்த ஓரத்துக் கறுப்புக்கு உள்பக்கமா பெரிய கறுப்புப் பொட்டுகள் ஒரு வரிசையா மஞ்சளுக்குள்ள வந்து இருக்கும், சிலதில பொட்டுகள் ஓரத்தோட சேந்தும் போயிருக்கும். சுருக்கமாச் சொன்னால் பொட்டு வரிசை இருந்தால் பெண்.

ஆணுக்கு இன்னொரு விசயமும் இருக்கு, ஆனா கிட்டத்தில நிண்டு பாத்தால்தான் பிடிபடும். பின்செட்டை உடம்போட ஒட்டுற உள்விளிம்பில ஒரு மடிப்பு, அதுக்குள்ள பஞ்சு மாதிரி வெளிறின மயிர். பெண்ணைக் கவர வாசம் விடுறதுக்கான ஏற்பாடு அது.

உடம்பையும் ஒருக்கா பாத்திடுங்கோ

தலையும் நெஞ்சும் கறுப்பு, கழுத்தடியில சிவப்பு மயிர் ஒரு பட்டி மாதிரி, நெஞ்சின்ர பக்கவாட்டிலயும் சிவப்பு தெரியும். வயிறு மேலால மங்கல் நிறம், கீழ்ப்பக்கம் மஞ்சள். உடம்பு முழுக்க பளிச்செண்ட சிவப்பு எண்டால் அது கிரிம்சன் ரோஸ் எண்ட இன்னொரு வண்ணாத்திப்பூச்சிப் பக்கம் போகுது, அதைக் கீழ சொல்லுறன்.

படி 5: எப்பிடிப் பறக்குது, எப்ப வருகுது

படம் எடுக்கேலாமப் போனால் பறக்கிற விதத்தை வச்சே பாதி சொல்லலாம். மற்ற வண்ணாத்திப்பூச்சிகள் அங்கயும் இங்கயும் துள்ளித்துள்ளிப் போகும். இது மரத்து உச்சி உயரத்தில, ஒருக்கா ரெண்டுதரம் செட்டையை அடிச்சிட்டு அப்பிடியே விரிச்சுக்கொண்டு மிதக்கும், பருந்து மிதக்கிற மாதிரி. அவசரமே இல்லை. ஏன் அவசரம், தன்னை ஒருத்தரும் தின்னமாட்டினம் எண்டு அதுக்குத் தெரியும் போல (காரணம் புழுப் பகுதியில வருகுது).

காலமையில பூவில தேன் குடிக்கக் கீழ இறங்கும், அதுதான் உங்கட நேரம். வெயில் ஏறினால் திரும்ப மேல போயிடும், பிறகு கழுத்து நோக அண்ணாந்து பாத்துக்கொண்டு நிக்கிறதுதான். செம்பரத்தை, நாயுண்ணி, முசேந்தா மாதிரிப் பூக்களில பாருங்கோ. பூவில இருக்கேக்கயும் சும்மா இருக்காது, முன்செட்டை நடுங்கிக்கொண்டே இருக்கும், பின்செட்டை மட்டும் கொஞ்சம் அடங்கி நிக்கும். அதால பின்செட்டையின்ர மஞ்சளும் கறுப்பும் வடிவா விழுகிற படம் எடுக்க ஆகச் சுகமான நேரம் பூவில நிக்கேக்கதான், பறக்கேக்க இல்லை.

இடம் எண்டு பாத்தால் ஈரவலயக் காடுகளும் மலைநாடும்தான் நம்பிக்கையான இடங்கள். சிங்கராஜ வனம், நக்கிள்ஸ் மலைத்தொடர், கண்டியைச் சுத்தியுள்ள தோட்டங்கள். அடர்ந்த காட்டுக்குள்ள போறதைவிட காடு முடிஞ்சு தோட்டம் தொடங்குற விளிம்பில நிக்கிறது நல்லம், வெயிலும் இருக்கும் பூவும் இருக்கும். சிங்கராஜவில அட்டை கடிக்கும், உப்போ சவர்க்காரமோ கொண்டு போங்கோ, நான் அதை மறந்து போட்டுப் போய் வண்ணாத்திப்பூச்சியைப் பாத்ததை விடக் காலைப் பாத்ததுதான் கூட.

ஆரோட மாறுப்படும்?

ப்ளூ மார்மனோடதான் கூடுதலாக் குழம்புகினம். அதுவும் பெரிசு, இலங்கையில ரெண்டாவது பெரிய வண்ணாத்திப்பூச்சி, அதுக்கும் வால் இல்லை, கறுப்புத்தான். ஆனா பின்செட்டையில மஞ்சள் இல்லை, வெளிர் நீலம், வெயிலில பாத்தால் சாம்பல்வெள்ளை மாதிரியும் தெரியும். வீட்டுத் தோட்டத்துக்கு அடிக்கடி வாறது இதுதான், தோடை எலுமிச்சை மரம் இருந்தால் புழுவும் அதில இருக்கும். தூரத்தில போற கறுப்பு ஒண்டு தாழ்வா, கெதியா, வளைஞ்சு வளைஞ்சு போனால் ப்ளூ மார்மன் எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ.

கிரிம்சன் ரோஸ்: உடம்பு சிவப்பு, பின்செட்டையில சிவப்புப் பொட்டுகள், முன்செட்டையில வெள்ளைப் பட்டை, வால் இருக்கு. அளவிலயும் சின்னன். இதில குழம்ப ஒண்டுமில்லை, ஆனா இதைப் பாத்து வேசம் போடுற ஒரு ஆள் இருக்கு, காமன் மார்மன் இனத்தின்ர பெண்ணில ஒரு வகை அப்பிடியே கிரிம்சன் ரோஸ் மாதிரி உடுப்புப் போட்டிருக்கும், இன்னொரு வகை காமன் ரோஸ் மாதிரி. நஞ்சுள்ள பூச்சியைப் போல நடிச்சால் குருவி தொடாது எண்ட தந்திரம். வேசம் போட்டாலும் உடம்புக்குச் சிவப்புப் பூச மறந்து போட்டுது, உடம்பு கறுப்பாவே இருக்கும், அதில பிடிக்கலாம்.

சிலோன் ரோஸ் எண்டு ஒண்டும் இருக்கு, அதுவும் இலங்கைக்கு மட்டும் உரியது, ஈரவலயக் காட்டில அபூர்வமாக் காணலாம். வாலும் வெள்ளைத் திட்டும் இருக்கிறதால பேர்ட்விங்கோட மாறுப்படாது, ஆனா கண்டால் சந்தோசப்படுங்கோ.

இரவில வீட்டு லைற்றுக்கு வந்து சுவரில ஒட்டியிருக்கிற ராட்சதக் கபில நிறப் பூச்சியைக் காட்டி பேர்ட்விங் எண்டு கேக்கிறவையும் இருக்கினம். அது அட்லஸ் அந்துப்பூச்சி. பேர்ட்விங் பகல்காரன், இரவில லைற்றுக்கு வாறது அதின்ர பழக்கம் இல்லை.

படி 6: புழுவை அடையாளம் பிடிக்கிறது

பெரிய பூச்சியைத் துரத்துறதைவிட அதின்ர செடியைத் தேடுறது லேசு. ஈசுரமூலி எண்ட கொடி, சிங்களத்தில சப்சந்த, விஞ்ஞானப் பேர் அரிஸ்டலோக்கியா இண்டிகா. நாட்டு வைத்தியத்தில பாவிக்கிற கொடிதான். பெண் பூச்சி மேல மிதக்கிறதை விட்டிட்டு தாழ்வாச் செடிகளுக்குள்ள தடவித்தடவிப் பறக்குது எண்டால் இந்தக் கொடியைத் தேடுது எண்டு அர்த்தம், காலால இலையைத் தொட்டு ருசி பாத்துத்தான் முட்டை வைக்கும். முட்டை உருண்டையா, செம்மஞ்சள் சாயலில, ஒவ்வொண்டா இருக்கும், கும்பலா இல்லை.

இந்தக் கொடியில அரிஸ்டலோக்கிக் அமிலம் எண்ட நஞ்சு இருக்கு. புழு அதைத் திண்டு உடம்பில சேத்து வைக்குது, அது பூச்சியான பிறகும் போகாது, அதால குருவிகள் இதைத் தொடாது. மேல சொன்ன ஆறுதல் பறப்புக்கு இதுதான் காரணம்.

புழு கருங்கபில நிறம், உடம்பு முழுக்க சதைப்பிடிப்பான முள்ளு மாதிரி முனைகள், நடு உடம்பில சாய்வா ஒரு வெளிறின பட்டி. மயிர்க்கொட்டி எண்டு பயந்து வெட்டி எறிஞ்சிடாதேங்கோ, இதில மயிரே இல்லை, சொறியவும் மாட்டுது. தொந்தரவு குடுத்தால் தலைக்குப் பின்னால இருந்து கவட்டைத் தடி மாதிரி ரெண்டாப் பிரிஞ்ச ஒரு உறுப்பை வெளிய தள்ளி மணக்கப்பண்ணும், அவ்வளவுதான் அதின்ர சண்டித்தனம்.

சிக்கல் என்னெண்டால் கிரிம்சன் ரோஸ், காமன் ரோஸ் ரெண்டின்ர புழுவும் இதே கொடியில, இதே மாதிரி முனைகளோட இருக்கும், காமன் ரோஸ் புழுவுக்கு நடுவில வெள்ளைப் பட்டியும் உண்டு. பிரிக்கிறதுக்கு ரெண்டு விசயம் பாருங்கோ. ஒண்டு, பட்டி நேரா வளையம் மாதிரி நிண்டால் காமன் ரோஸ், சரிஞ்சு நிண்டால் பேர்ட்விங். ரெண்டு, அளவு: முத்தின பேர்ட்விங் புழு மற்ற ரெண்டுக்கும் பக்கத்தில வச்சால் பெரியப்பா மாதிரி இருக்கும். சின்னப் புழுவில நான் துணிஞ்சு சொல்லுறேல்லை, ரெண்டு கிழமை பொறுத்துப் பாக்கிறதுதான்.

படம் எடுக்கிறதும் குறிக்கிறதும்

பறக்கிறதை எடுக்கிறதெண்டால் சட்டர் வேகம் 1/1000க்கு மேல வையுங்கோ, வானத்தைப் பின்னணியா வச்சு எடுத்தால் பூச்சி வெறும் கறுப்பு நிழலாத்தான் விழும், வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்க வேணும். ஃபோன் எண்டால் படத்தை விட்டிட்டு வீடியோ எடுங்கோ, பிறகு நிப்பாட்டி நிப்பாட்டிப் பாத்து பின்செட்டை விரிஞ்சிருக்கிற ஒரு இடத்தைப் பிடிக்கலாம், எனக்கு முதல் தெளிவான படம் கிடைச்சது அப்பிடித்தான். அழகான படம் தேவையில்லை, பின்செட்டையின்ர அந்த அறை தெரியிற படம் ஒண்டு காணும். திகதி, நேரம், இடம், என்ன பூவில நிண்டது எண்டதை அப்பவே எழுதி வையுங்கோ.

வலையால பிடிக்கிற யோசனை இருந்தால் விட்டிடுங்கோ. இலங்கையில 1937ம் ஆண்டின்ர தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் பிறகு 2009ல வந்த திருத்தமும் இருக்கு, அதோட ட்ரொயிடெஸ் இனங்கள் முழுக்க சைட்டிஸ் எண்ட, காட்டு உயிரினங்களின்ர சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற ஒப்பந்தத்தின்ர ரெண்டாவது பின்னிணைப்பில இருக்கிறதால செத்த பூச்சியைக் கண்ணாடிப் பெட்டியில வச்சு வெளிநாட்டுக்குக் கொண்டு போறதெண்டாலும் அனுமதிப் பத்திரம் வேணும்.

கூட்டுப்புழுவைக் கண்டால் கை வைக்காமப் படம் மட்டும் எடுங்கோ. காஞ்சு சுருண்ட இலை மாதிரி, இடுப்பில ஒரு நூல் சுத்திக் கட்டினமாதிரித் தொங்கிக்கொண்டிருக்கும், ரெண்டு தரம் அதுக்குப் பக்கத்தால போயும் நான் காணேல்லை. மூண்டாந் தரம் தெரியாமக் கை பட்டிட்டுது, உடன உள்ளுக்கிருந்து "ஸ்ஸ்" எண்டு ஒரு சீறல், பாம்பெண்டு நினைச்சு நான் பாய்ஞ்ச பாய்ச்சலில கமரா ஒரு பக்கம் செருப்பு ஒரு பக்கம்.